முதுகு நோகுது என்று சொல்லும் சின்னப் பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு இது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள், முன்பள்ளியிலும் ஆரம்பப் பிரிவிலும் படிப்பிப்பவர்கள், ஓதக் கொடுப்பவர்கள், நேரம் எடுத்துக் கடைசிவரை வாசித்தால் நல்லது.

ஒரு உம்மா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அவருடைய மகன் தரம் 1இல் என்னிடம் படித்தவன். பிள்ளையின் பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன், படமும் போட மாட்டேன். அவர் சொன்னது இதுதான்: "டீச்சர், இப்பிடி ஒரு வருத்தம் இரிக்கெண்டு எங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா கொஞ்ச மாசம் மிச்சமாகி இருக்கும். தெரியாத உம்மாமாருக்கு நீங்க எழுதுங்க."

அந்த வருத்தம், முண்ணாணில் வரும் கட்டி.

முண்ணாண் என்ற சொல்லை விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்போம். மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புக் கயிறு அது. முள்ளந்தண்டு எலும்புகளின் நடுவில் உள்ள குழாய்க்குள் ஓடுகிறது. பெரியவர்களுக்கே அது ஒரு சின்ன விரல் தடிப்புத்தான். நமது மருதமுனைத் தறியில் பாவு நூல்கள் எப்படிப் பக்கம் பக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். அந்த நூல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு எலும்புக் குழாய்க்குள் விட்டதாக நினையுங்கள். ஒரு நூல் கையை அசைக்கச் சொல்லும் செய்தியைக் கொண்டுபோகிறது. இன்னொன்று காலில் சுட்ட சூட்டை மூளைக்குச் சொல்கிறது. இன்னொன்று சிறுநீரை அடக்கவும் விடவும் சொல்கிறது. அந்த நூல்களின் நடுவில் மெல்ல மெல்ல ஒரு கட்டி வளர்ந்தால், சுற்றிலும் எலும்பு இருப்பதால் விலகிக் கொடுக்க இடமில்லை. நூல்கள் நசுங்கத் தொடங்கும். எந்த நூல் நசுங்குகிறதோ அந்த வேலை குறையும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயப்பட வேண்டாம். இது மிக அரிதான நோய். பிள்ளைகளின் மூளையிலும் முண்ணாணிலும் வரும் கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து 100 என்று வைத்தால், முண்ணாணுக்குள்ளேயே வளருபவை அதில் பத்துக்கும் குறைவு. முதுகு நோகுது, கால் உளையுது என்று சொல்லும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த நோய் இல்லை. ஆனால் அரிது என்பதால்தான் யாருக்கும் இது நினைவில் வருவதில்லை. நினைவில் வராததால் நாள் போகிறது. உலகம் முழுவதும் இந்த நோயைப் பற்றி வைத்தியர்கள் எழுதும்போது திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். முதல் அறிகுறிக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் இடையில் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டி என்றவுடன் நமக்கு மனதில் வருவது மரணம். பிள்ளைகளின் முண்ணாணுக்குள் வருபவற்றில் பெரும்பாலானவை மெதுவாக வளரும் வகை. நரம்புக் கலங்களைத் தாங்கிப் பிடிக்கும் கலங்களில் தொடங்கும் அஸ்ட்ரோசைட்டோமா என்ற வகைதான் சின்னப் பிள்ளைகளில் அதிகம். எபென்டிமோமா என்ற வகை பெரிய பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் கூடுதலாக வரும். வேறு சில கட்டிகள் முண்ணாணுக்கு வெளியில் வளர்ந்து உள்ளே நெருக்குபவை. வேகமாக வளரும் கொடிய வகையும் உண்டு, ஆனால் அது குறைவு. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளின் விசயத்தில் கேள்வி, பிள்ளை உயிரோடு இருக்குமா என்பதோடு முடிவதில்லை. எழுந்து நடக்குமா, கையால் எழுதுமா, மற்றப் பிள்ளைகளைப் போல தானாகவே சிறுநீர் கழிக்குமா என்பதும் கேள்வி. அந்தக் கேள்விக்குரிய பதில் காலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளையிடம் எவ்வளவு பலம் இருந்ததோ, பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பதில் அதுதான் பெரிய பங்கு வகிக்கிறது. நடந்து போன பிள்ளை பெரும்பாலும் நடக்கும். நடை நின்று பல நாட்கள் ஆன பிறகு போனால், போனதை முழுமையாகத் திருப்பி எடுப்பது கஷ்டம்.

இப்போது அந்த மகனின் கதைக்கு வருகிறேன்.

முதலாம் தவணையில் வலது கையால் எழுதிய பிள்ளை. எழுத்து நல்ல வடிவு. இரண்டாம் தவணையில் எழுத்துகள் மெலிந்து, கோட்டிலிருந்து வழுகத் தொடங்கின. பிறகு பென்சிலை இடது கைக்கு மாற்றினான். பார்த்தவர்கள், "ரெண்டு கையாலயும் எழுதுறான், கெட்டிக்காரன்" என்று சொன்னார்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு பழக்கம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கண்டதைத் திகதியோடு எழுதி வைப்பது. அந்தப் பக்கத்தில், கை மாறிய திகதியையும், வரிசையில் நிற்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருக்கிறான் என்பதையும் எழுதி வைத்து, உம்மாவை வரச் சொன்னேன்.

அவர் வந்து சொன்னபோதுதான் மற்றப் பாதி தெரிந்தது. நடுச் சாமத்தில் எழும்பி, "கழுத்து நோகுது" என்று அழுகிறான். மடியில் நிமிர்த்தி வைத்தால் தூங்குகிறான், படுக்க வைத்தால் திரும்ப அழுகிறான். ஓதப் போகும் இடத்தில் லெப்பை வேறொன்றைக் கவனித்திருந்தார். முன்பு நேராக இருந்து ஓதியவன் இப்போது சுவரில் சாய்ந்துகொள்கிறான், ஸுஜூதுக்குக் குனிய மறுக்கிறான் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். வாப்பா அதைப் பிள்ளையின் குழப்படி என்று நினைத்துவிட்டார். மூத்தம்மா, கண்ணூறு என்று சொன்னார். சுளுக்கு எடுப்பவர் ஒருவர் எண்ணெய் போட்டு இரண்டு முறை உருவினார். ஓரிடத்தில் காட்டியபோது நோவுக்குச் சிரப் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனால் பாருங்கள், இரவு உம்மாவிடம் இருந்தது. பென்சில் என்னிடம் இருந்தது. ஸுஜூது லெப்பையிடம் இருந்தது. எக்ஸ்ரே வைத்தியரிடம் இருந்தது. ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு துண்டு. எல்லாத் துண்டுகளும் ஒரு மேசையில் வந்து சேர ஏழு மாதம் எடுத்தது.

சேர்த்துப் பார்த்தவர் ஒரு சிறுபிள்ளை வைத்திய நிபுணர். உம்மா எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதிக்கொண்டு போனார். எனது வகுப்பறைக் குறிப்பையும் அதில் பிரதி பண்ணிக்கொண்டார். வைத்தியர் வாசித்துவிட்டு, பிள்ளையை நடக்கச் சொன்னார், குதிக்காலில் நடக்கச் சொன்னார், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். அன்றைக்கே கொழும்புக்குத் துண்டு எழுதினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கழுத்துப் பகுதி முண்ணாணுக்குள் கட்டி இருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நடக்கிறான். வலது கையின் பலம் முழுமையாகத் திரும்பவில்லை, இப்போது இடது கையால் எழுதுகிறான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்குப் போய் வருகிறார்கள். "அந்த ஏழு மாசத்துல மூணு மாசமாவது கிடைச்சிருந்தா அந்தக் கை தப்பியிருக்குமோ எண்டு இப்பவும் யோசிக்கிற" என்று உம்மா சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த பிள்ளைக்காக இதை எழுதலாம்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்? வைத்திய நூல்கள் சொல்வதை நமது வீட்டுப் பேச்சில் தருகிறேன்.

1. இரவில் பிள்ளையை எழுப்பும் முதுகு நோவு அல்லது கழுத்து நோவு. சாதாரண நோவு படுத்து ஓய்ந்தால் குறையும். இந்த நோவு பலருக்குப் படுத்தால் கூடும், நிமிர்ந்து இருந்தால் குறையும்.

2. நடை மாறுவது. அடிக்கடி விழுதல், காலை இழுத்து நடத்தல், ஓடிய பிள்ளை தூக்கச் சொல்லி அடம்பிடித்தல், படி ஏற மறுத்தல். ஒரு வயது, இரண்டு வயதுப் பிள்ளை நடக்கப் பழகிய பிறகு திரும்பத் தவழத் தொடங்கினால் அதைச் செல்லம் என்று விட்டுவிடாதீர்கள்.

3. கை மாறுவது. ஒரு கையால் சாப்பிட்ட, எழுதிய பிள்ளை காரணமில்லாமல் மற்றக் கைக்கு மாறுவது. பொத்தான் போட முடியாமல் போவது, சாமான்கள் கையிலிருந்து நழுவுவது.

4. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பது.

5. முள்ளந்தண்டு வளைவது, அதுவும் நோவோடு வளைவது. குளிக்க வார்க்கும்போது பின்பக்கமாக நின்று பாருங்கள். ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே இருக்கிறதா என்று தெரியும்.

6. சிறுநீர், மலம். படுக்கையில் சிறுநீர் போவது நின்று பல மாதங்கள் ஆன பிள்ளை திரும்பத் தொடங்குவது, சிறுநீர் கழிக்க முக்குவது, புதிதாக வந்து விடாமல் தொடரும் மலச்சிக்கல்.

7. காரணம் பிடிபடாத வயிற்று நோவு. நெஞ்சுப் பகுதி முண்ணாணில் கட்டி இருந்தால், அங்கிருந்து போகும் நரம்பு வழியாக நோவு வயிற்றில் தெரியலாம். வயிற்றை மட்டுமே சோதித்துக்கொண்டிருப்பார்கள்.

இவற்றில் ஒன்று ஒரு நாள் வந்து போனால் பயப்படத் தேவையில்லை. இரண்டு மூன்று சேர்ந்தால், அல்லது ஒன்று விடாமல் வாரக்கணக்கில் தொடர்ந்தால், அல்லது நாளுக்கு நாள் கூடினால் காட்ட வேண்டும். திடீரென்று கால் பலம் விழுந்தால், சிறுநீர் அடைத்தால், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். 1990க்கு அழையுங்கள்.

வளரும் வயதில் வரும் கால் உளைவு வேறு. அது பின்நேரத்திலோ இரவிலோ வரும், பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், தடவிவிட்டால் ஆறும், காலையில் பிள்ளை ஒன்றும் நடக்காதது போல ஓடித் திரியும். நடையில் குறை இருக்காது. முதுகு நோகாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பயம் குறையும்.

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நமது பரிசாரிமாரையும் சுளுக்கு எடுப்பவர்களையும் குறைத்துப் பேசுவது எனது நோக்கமல்ல. வயலிலும் கடலிலும் வேலை செய்யும் எத்தனையோ பேர் அவர்களால் சுகம் கண்டிருக்கிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளையின் கழுத்தையும் முதுகையும் காரணம் தெரியாமல் நெரிக்கவும் முறிக்கவும் விடாதீர்கள். ஓதிப் பார்ப்பதும் துஆ செய்வதும் நமது ஈமானோடு சேர்ந்தவை. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து செய்வதும் நபிவழிதான். ஓதிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே க்ளினிக் வரிசையில் நிற்கலாம். ஒன்று முடியட்டும், மற்றதைப் பார்ப்போம் என்று காத்திருப்பதில்தான் மாதங்கள் போகின்றன.

எக்ஸ்ரே பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், முண்ணாணைக் காட்டாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பது, முண்ணாண் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. இந்த நோயைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அது கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் நீண்ட நேரம் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைகளை மயக்கித்தான் எடுப்பார்கள். மயக்க மருந்து என்றவுடன் பயந்து, திகதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

எங்கே போவது? நமக்குக் கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது, மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. முதலில் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் கொழும்புக்கு அனுப்புவார். அங்கே பொரளையில் பிள்ளைகளுக்கென்றே லேடி ரிஜ்வே வைத்தியசாலை இருக்கிறது. புற்றுநோய் மருந்து தேவைப்பட்டால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் வார்டுக்கும் சத்திரசிகிச்சைக்கும் பணம் கேட்கமாட்டார்கள். வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோங்கள். எத்தனை மாதத்தில் இருந்தான், எத்தனை மாதத்தில் நடந்தான் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்னேறிய பிள்ளை பின்வாங்கியிருக்கிறதா என்பதைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிள்ளை நடக்கும் விதத்தை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியருக்கு முன்னால் சில பிள்ளைகள் நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள்!

முதுகைத் திறந்து முண்ணாணைத் தொட்டால் பிள்ளை முடமாகிவிடும் என்ற பேச்சு ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. முண்ணாணை நெருக்கிய கட்டியொன்றை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் லண்டனில் விக்டர் ஹோர்ஸ்லி. அது 1887 ஜூன் மாதம். நோயாளி ஒரு இராணுவ கப்டன். மூன்று வருடமாக நோவோடு வைத்தியர் வைத்தியராக அலைந்து, கால் இரண்டும் விழுந்த பிறகுதான் வில்லியம் கவர்ஸ் என்ற வைத்தியர் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஒரு வருடத்தில் அந்த மனிதர் திரும்ப நடந்தார். அந்தக் கட்டி முண்ணாணுக்கு வெளியில் இருந்தது. முண்ணாணுக்கு உள்ளேயே இருக்கும் கட்டி என்றால், அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளாகப் பலர் தொடப் பயந்தார்கள். சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துவிட்டு, கதிர்வீச்சுக் கொடுத்து அனுப்புவதே பல இடங்களில் வழக்கமாக இருந்தது. வளரும் பிள்ளையின் முள்ளந்தண்டுக்குக் கதிர்வீச்சு நல்லதல்ல.

அந்தப் பழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் நியூயோர்க்கில் வேலை செய்த ஃப்ரெட் எப்ஸ்டீன். 1980களில், பிள்ளைகளின் முண்ணாணுக்கு உள்ளே இருக்கும் கட்டிகளை நுணுக்குக்காட்டியின் கீழ், ஒலி அதிர்வால் கட்டியை உடைத்து உறிஞ்சும் கருவியைக் கொண்டு அகற்றலாம் என்று செய்து காட்டினார். இவரைப் பற்றி ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விசயம், அவர் பள்ளிக்கூடக் காலத்தில் படிப்பில் மிகவும் தடுமாறியவர். அவருக்குக் கற்றல் இடர்பாடு இருந்தது. பல மருத்துவக் கல்லூரிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நமது வகுப்பின் கடைசி வாங்கில் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாமல் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது நான் அவரை நினைத்துக்கொள்வேன். 2006இல் அவர் காலமானார்.

இன்றைக்குச் சத்திரசிகிச்சை நடக்கும்போதே, கைகால்களுக்குப் போகும் நரம்புச் செய்திகள் சரியாகப் போகின்றனவா என்று கருவிகள் பார்த்துக்கொண்டிருக்கும் முறையும் வந்துவிட்டது. செய்தி குறைந்தால் வைத்தியர் கையை நிறுத்துவார். தறியில் நூல் அறாமல் சிக்கை மட்டும் எடுக்கும் வேலை மாதிரி. கட்டி நரம்போடு பின்னியிருந்தால் முழுவதையும் எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. மிச்சம் வளர்ந்தால் மருந்து இருக்கிறது. கார்போபிளாட்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பல வருடங்களாக உள்ள முறை. சில கட்டிகளில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால், அதையே குறிவைக்கும் வாய்வழி மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2023இலும் 2024இலும் சின்னப் பிள்ளைகளுக்கென அனுமதி கிடைத்தது. இப்போதைக்கு அவற்றின் விலை மிக அதிகம். ஆனாலும் கதவு திறந்திருக்கிறது.

சத்திரசிகிச்சை முடிந்த உடனே பிள்ளையின் பலம் முன்பைவிடக் குறைந்தது போல இருக்கலாம். பலருக்கு வாரங்கள், மாதங்கள் போகத் திரும்பும். அந்த நாட்களில் உடற்பயிற்சிச் சிகிச்சையை விடக் கூடாது. முள்ளந்தண்டு வளைகிறதா என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். ஸ்கேன் திகதிகளைத் தவறவிடக் கூடாது. "சுகமாகிட்டே, இனி என்னத்துக்குக் கொழும்பு" என்று நிறுத்திவிடுவதும் நமது ஊர்களில் நடக்கிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான விசயம்.

பிள்ளைக்குக் கட்டி என்று கேள்விப்பட்டால் நாம் முதலில் செய்வது என்ன? பள்ளிவாசல் கடிதம், பிள்ளையின் படம், வங்கிக் கணக்கு இலக்கம், இந்தியாவுக்குப் போகப் பணம் திரட்டல். இந்தியாவில் நல்ல இடங்கள் இருப்பது உண்மை. வேலூர் சீ.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவுதான் இந்தியாவிலேயே முதலாவது. அடுத்த வருடம் சென்னையில் ராமமூர்த்தி தொடங்கினார். போக வேண்டிய தேவை வந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் ஸ்கேனைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர். நமது நாட்டில் இலவசமாகவே தொடங்கக்கூடிய சிகிச்சையை, இலட்சக்கணக்கில் பணம் சேரட்டும் என்று வாரக்கணக்கில் பின்போடுவது இந்த நோயில் மிகப் பெரிய நட்டம். பணம் திரும்பச் சேரும், நசுங்கிய நரம்பு அப்படித் திரும்பாது.

பிள்ளையின் படத்தையும் யோசியுங்கள். உடுப்பில்லாமல், முதுகில் தையலோடு, கட்டிலில் கிடக்கும் படத்தை ஆயிரம் பேர் பகிர்கிறார்கள். அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து இதே ஊரில், இதே போனில் அதைப் பார்க்கும். உதவி கேட்க வைத்தியரின் கடிதம் போதும், பொறுப்பான இரண்டு பேரின் தொடர்பு போதும்.

சேர்ந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2016இல் மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 20 கோடி ரூபாய் வேண்டும் என்று ஒரு முஸ்லிம் சகோதரர் முன்னின்று தொடங்கிய முயற்சிக்கு, சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பாராமல் நாடே அள்ளிக் கொடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மனது நம்மிடம் இருக்கிறது. அதைச் சரியான இடத்தில் வைத்தால் போதும்.

கொழும்பில் வார்டில் நிற்கும் ஒரு உம்மாவுக்குத் தேவைப்படுபவை சின்னச் சின்ன விசயங்கள். வாப்பா இரவில் தலை சாய்க்க ஒரு இடம். சிங்களம் விளங்கும் ஒருவர் கூட நிற்பது. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப ஒரு சாச்சி, ஒரு மாமி. க்ளினிக் நாளுக்கு இரவு பஸ்ஸில் இரண்டு சீட். வேலைக்குப் போகாத நாட்களுக்கு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. இவற்றை ஒரு மஹல்லா தானே செய்துவிடலாம். முகநூலில் போட வேண்டிய தேவையே இல்லை.

பாடசாலைக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கும் சில தேவைகள் உண்டு. மலசலகூடத்துக்குக் கிட்டிய வகுப்பு. கேட்டவுடனே போக அனுமதி. பாரம் குறைந்த பை. சில பிள்ளைகளுக்குக் குழாய் போட்டு நேரத்துக்கு நேரம் சிறுநீர் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு சுத்தமான, கதவு பூட்டக்கூடிய இடம் வேண்டும். மற்றப் பிள்ளைகள் கேட்டால், "அவருக்கு முதுகில் ஒரு ஒப்பரேசன் நடந்தது, இப்ப சுகமாகிக்கொண்டு வாறார்" என்று நேராகச் சொன்னால் அவர்களுக்கு அது போதும். பிள்ளைகள் பெரியவர்களைவிட இலகுவாக ஏற்றுக்கொள்வார்கள். பள்ளிவாசலில் ஒரு சின்னப் பிள்ளை கதிரையில் இருந்து தொழுதால் ஏன் என்று விசாரிக்காதீர்கள். மார்க்கம் அதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டது.

எனது சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும்போது வரிசையை ஒழுங்குபடுத்துவதோடு நின்றுவிடாதீர்கள். "இந்தப் பிள்ளை இந்தத் தவணையில் அடிக்கடி விழுகிறது, எழுத்து மாறியிருக்கிறது" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் பிள்ளையைச் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார், நாம் வருடம் முழுவதும் பார்க்கிறோம். லெப்பைமார், முஅல்லிமாக்கள், முன்பள்ளி ஆசிரியைகள் எல்லோருக்கும் இதே வேண்டுகோள்தான். நீங்கள் கண்ட துண்டு சின்னதாக இருக்கலாம். அதை உம்மாவிடம் சேர்த்துவிடுங்கள்.

வாப்பாமாருக்கு ஒன்று. உங்கள் மனைவி, "புள்ளையில என்னமோ வித்தியாசம் இரிக்கி, சொல்லத் தெரியல்ல" என்று சொன்னால், "உனக்கு எப்பவும் பயம்தான்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, திகதி போட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் எழுதியதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து வைத்தியரிடம் போங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வரலாம்.

இந்தப் பதிவைப் பகிருங்கள். வாசிக்கத் தெரியாத மூத்தம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் நமது வீடுகளில் பிள்ளைகளை இரவில் மடியில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். இதில் சொன்னவை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் பிள்ளைக்கு என்ன என்பதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வருத்தத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களோடு கண்விழித்திருக்கும் உம்மா வாப்பாமாருக்கு சபூரைத் தருவானாக. ஆமீன்.